கிருமி ஜாதகம்

மாதிரி எண் 4471-இன் முடிவு திரையில் வந்து நின்றபோது கீர்த்தனாவுக்குச் சாவைப் பற்றிய பயம் வரவில்லை. வினோதினியின் முகம்தான் வந்தது.

மாதிரி கீர்த்தனாவுடையது. திருச்சியில் ஒரு மகளிர் மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் அவள் பதினான்கு வருடமாக டெக்னீஷியன். ஊரில் உள்ள பெண்களின் மாதிரிகளையெல்லாம் இயந்திரத்தில் ஏற்றி இறக்கியவள், தன்னுடையதை மட்டும் பத்து வருடமாகத் தள்ளிப் போட்டு வந்தாள். அந்த வாரம் காலாவதியாகவிருந்த கிட் ஒன்று மிச்சமிருந்தது. வீணாக்குவானேன் என்று எடுத்துப் பார்த்தாள். உடலுறவில் தொற்றும் எச்.பி.வி. கிருமி இருக்கிறது என்று வந்தது. அதிலும் பதினாறாம் வகை. கருப்பைவாய்ப் புற்றுநோயைக் கொண்டுவருவதில் அதுதான் முதலில் நிற்பது.

வினோதினி, கீர்த்தனாவின் கணவன் திலீபனுக்கு முதல் மனைவி. அதே புற்றுநோயில், இதே மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், முப்பத்து மூன்று வயதில் இறந்தவள். அது 2031-ஆம் வருடம். அடுத்த இரண்டு வருடத்தில் கீர்த்தனா அந்த வீட்டுக்கு வந்தாள்.

'அவளிடமிருந்து இவருக்கு. இவரிடமிருந்து எனக்கு. எட்டு வருடம் வீட்டில் இருந்தது போதாதென்று உடம்புக்குள்ளேயும் வந்து உட்கார்ந்துகொண்டாள்.'

இப்படி நினைத்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. வயிறுதான் எரிந்தது.

செத்துப்போனவளோடு எப்படிச் சண்டை போடுவது? வினோதினிக்கு எடை கூடாது. கோபம் வராது. குக்கரில் சாதம் குழையாது. கூடத்தில் மாட்டியிருந்த படத்தில் அவளுக்கு என்றைக்கும் இருபத்தொன்பது வயது. திலீபன் கெட்டவன் இல்லை. பாலங்களில் விரிசல் பார்க்கிற பொறியாளன், குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவன். கீர்த்தனா ரசம் வைத்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "நல்லாருக்கு" என்பான். ஆனால் குடிப்பதற்கும் சொல்வதற்கும் நடுவில் சின்னதாக ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் வினோதினி வந்து நிற்பது கீர்த்தனாவுக்கு மட்டும் தெரியும். வருடத்துக்கு ஒரு நாள், வினோதினி இறந்த நாளில், அவன் லீவு போட்டுவிட்டு காவிரிக்கரை அம்மா மண்டபப் படித்துறையில் தனியாகப் போய் உட்கார்ந்துவிட்டு வருவான். கீர்த்தனாவின் பிறந்தநாளுக்கு அவன் ஒரு தடவைகூட லீவு போட்டதில்லை.

வினோதினியின் மகள் மிருதுளாவுக்கு இப்போது பதின்மூன்று வயது. ஐந்து வயதிலிருந்து அவளுக்குத் தலை பின்னிவிட்டது கீர்த்தனாதான். ஆனால் 'அம்மா' என்ற சொல் அந்தப் படத்துக்குப் போய்விட்டது. கீர்த்தனாவுக்குக் கிடைத்தது 'சித்தி'.

மறுநாள் காலை அவள் டாக்டர் ஷாகிதா பானுவின் அறைக்குப் போனாள். மருத்துவமனையின் புற்றுநோய்த் தடுப்புப் பிரிவுக்குத் தலைவர் அவர்; ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம் பாக்கி. கருவியை வைத்துப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றினார்.

"ஆரம்ப கட்ட மாற்றம்தான். புத்து இல்ல. சூடு வச்சு அந்த இடத்த எடுத்துட்டா முடிஞ்சுது, கால் மணி நேர வேலை. இன்னும் நாலஞ்சு வருஷம் தள்ளிப் போட்டிருந்தா வேற மாதிரி பேசிக்கிட்டிருப்போம். உனக்கே தெரியாதா, கீர்த்தனா?"

"தெரியும் மேடம்." கீர்த்தனா தயங்கினாள். "எனக்கு ஜாதகம் பாக்கணும்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "நீயுமா?"

அதன் சரியான பெயர் கால்வழிச் சோதனை. கிருமி உடம்புக்குள் வந்த பிறகு வருடத்துக்கு வருடம் அதன் எழுத்துகளில் நேரும் சின்னச் சின்ன மாற்றங்களை எண்ணி, அது எந்த வருடம் வந்தது, எந்தக் கிளையைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். யாருக்கு அது நெடுநாள் தங்கியிருக்கிறதோ அவருக்கு முதலில் வைத்தியம் பார்க்கலாம் என்பதற்காகக் கண்டுபிடித்தார்கள். ஊர் அதற்குக் கிருமி ஜாதகம் என்று பெயர் வைத்தது. பெயரோடு உபயோகமும் மாறிப்போனது.

"லால்குடி முகாமுக்கு நீதானே வந்தே," என்றார் டாக்டர். "முன்னூறு பேர் வரவேண்டிய எடத்துல எத்தன பேர் வந்தாங்க?"

"நாப்பத்தொண்ணு."

"ஏன்? அதுக்கு முந்தின முகாம்ல ஒரு மாமியார், மருமகளுக்கு ஜாதகம் பாக்கணும்னு வந்து நின்னா. கல்யாணத்துக்கு ரெண்டு வருஷம் முன்னாடின்னு வந்துச்சு. அந்தப் பொண்ண அன்னைக்கே பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அதோட ஊர்ல ஒருத்தியும் டெஸ்டுக்கு வர்றதில்ல. புத்துநோய் வந்தா வரட்டும், பேரு கெட வேணாம்னு உக்காந்துட்டாங்க. ஆம்பளைங்ககிட்ட தேதி சொல்ற அளவுக்கு மாதிரி கெடைக்காது. அதனால இந்த ஜாதகத்துல மாட்டுறது எப்பவும் பொம்பளைதான். இதெல்லாம் தெரிஞ்ச நீ வந்து கேக்குறே."

"நோயாளி கேட்டா மறுக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கு மேடம்."

டாக்டர் படிவத்தை அவள் பக்கம் தள்ளினார். "வந்த வருஷம் தெரிஞ்சா உன் வைத்தியம் ஒண்ணும் மாறப்போறதில்ல. அதையும் கேட்டுக்கிட்டுக் கையெழுத்துப் போடு."

கீர்த்தனா கையெழுத்துப் போட்டாள். ஆனால் அவளுக்கு வேண்டியது தன் ஜாதகம் மட்டும் இல்லை.

மருத்துவமனையின் கீழ்த்தளத்தில் பழைய திசு மாதிரிகளை மெழுகில் புதைத்து வைக்கும் காப்பறை இருந்தது. இறந்தவர்களின் மாதிரியைத் தொட வேண்டுமானால் குடும்பத்தார் அனுமதி வேண்டும். சாப்பாட்டு வேளையில் கீர்த்தனா அங்கே போனாள். 2031, வி வரிசை. இழுப்பறையைத் திறந்து எடுத்தாள். தீப்பெட்டியில் பாதிகூட இல்லாத மெழுகுக் கட்டி. நடுவில் கடுகளவுக்குப் பழுப்பாக ஏதோ ஒன்று.

எட்டு வருடமாகப் படத்தில் சிரித்தவள் உள்ளங்கையில் இருந்தாள். 'இவ்வளவுதானா நீ?'

தனக்கு என்ன வேண்டும் என்று கீர்த்தனாவுக்கு நன்றாகத் தெரிந்தது. அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது. கிருமி வினோதினிக்குக் கல்யாணத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டும். வேறு எவனிடமிருந்தோ. அந்தத் தேதி அச்சில் வரவேண்டும். படம் சுவரில் இருந்தபடியே இருக்கட்டும். ஆனால் அதற்கப்புறம் ரசத்துக்கும் 'நல்லாருக்கு'க்கும் நடுவில் அவள் அப்படி வந்து நிற்க முடியாது.

ஆராய்ச்சி மாதிரி என்று பொய்க் குறியீடு போட்டு இரண்டையும் ஒன்றாக இயந்திரத்தில் ஏற்றினாள். முடிவு வர மூன்று நாள் ஆகும்.

அந்த மூன்று நாளில் ஒரு காலை, மிருதுளா பள்ளிக்குக் கிளம்பும்போது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"சித்தி, ஊசி ஃபாரத்துல அப்பா இந்த வருஷமும் கையெழுத்துப் போடல. க்ளாஸ்ல நான் ஒருத்திதான் பாக்கி. நர்ஸ் மிஸ் எல்லார் முன்னாடியும் கேக்குறாங்க."

ஒன்பது வயதானதும் எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே போடுகிற எச்.பி.வி. தடுப்பூசி. கிருமி வந்தபின் போட்டால் அதை விரட்டாது. வருவதற்கு முன் போட்டால் வாசலோடு நிறுத்திவிடும். அந்த ஊசி போட்ட பிள்ளைகள் வளர்ந்து இப்போது இருபது வயதைத் தாண்டிவிட்டார்கள். அவர்களுடைய மாதிரிகள் வந்தால் இயந்திரத்துக்குச் சொல்ல ஒன்றுமே இருப்பதில்லை. அவர்களுக்கு ஜாதகமும் கிடையாது, மாமியார் கையில் காகிதமும் கிடையாது.

கீர்த்தனா திலீபனைப் பார்த்தாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா," என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

நாலு வருடமாக இதே பதில். இதே வேலை பார்க்கிற கீர்த்தனா ஏன் ஒரு தடவைகூட விடாப்பிடியாகக் கேட்கவில்லை? முதல் வருடம் கேட்டாள். "அது மிருது விஷயம், நான் பாத்துக்கறேன்" என்றான். அந்த ஒரு வாக்கியம் அவளுக்குள் முள்ளாய் நின்றுவிட்டது. அவர் பெண், அவள் பெண். நடுவில் நான் யார்? சட்டப்படி என் கையெழுத்தும் செல்லாது. போகட்டும் என்று விட்டுவிட்டாள். அந்தக் காலை, பேருந்துக்கு ஓடுகிற மிருதுளாவின் பின்னலைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சில் என்னவோ உறுத்தியது. ஆனால் நாளைக்கு முடிவு வரும் என்ற நினைப்பு அதை அமுக்கிவிட்டது.

மூன்றாம் நாள் பிற்பகல் முடிவு வந்தது. முதலில் வினோதினியின் பக்கத்தைத் திறந்தாள்.

கிருமி நுழைந்த காலம்: 2018, ஆறு மாதம் முன்பின்.

திலீபனுக்கும் வினோதினிக்கும் கல்யாணம் ஆனது 2025-இல். பத்திரிகை இன்னும் பீரோவில் இருக்கிறது. கீர்த்தனாவுக்கு அந்தத் தேதி தன் கல்யாணத் தேதியைவிட நன்றாகத் தெரியும். ஏழு வருடம் முன்பு. அவளுக்கு உடம்பு முழுக்கச் சூடாக ஒரு சந்தோஷம் பரவியது. எழுந்து தண்ணீர் குடித்தாள். கண்ணாடிக் கதவில் தன் முகம் சிரிப்பதைப் பார்த்தாள். அந்தச் சிரிப்பை அவளுக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் அடக்க முடியவில்லை.

பிறகு தன்னுடையதைத் திறந்தாள்.

கிளை: வேறு. கிருமி நுழைந்த காலம்: 2023, ஆறு மாதம் முன்பின்.

இரண்டாவது தடவை படித்தாள். 2023-இல் அவளுக்கு இருபது வயது. புதுக்கோட்டையில் கல்லூரி. கடைசி வருடம் படித்த ஒருவனோடு ஆறு மாதம் பழகியிருந்தாள். அவன் வேலை கிடைத்துப் போனதும் அது தானாக நின்றுபோனது. அதற்காக அழுததுகூட ஒரு வாரம்தான். யாரிடமும் சொன்னதில்லை, சொல்லும் அளவுக்கு அது பெரிய விஷயமாகவும் தோன்றியதில்லை. அவன் பெயரை நினைவில் தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. திலீபனை அவள் அப்போது பார்த்ததுகூட இல்லை.

வினோதினி அவளுக்குள் வரவே இல்லை. பதினெட்டு வருடமாக உள்ளே இருந்தது அவளுடைய சொந்தக் கதைதான். வினோதினிக்கும் இதே மாதிரி ஒரு ஆறு மாதம் இருந்திருக்கும். அவளும் ஒரு வாரம் அழுதிருப்பாள்.

பக்கத்தை மூடப் போனவள் கண்ணில், வினோதினியின் பக்கத்து அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி பட்டது.

'பழைய பதிவு ஒன்றோடு முழுதாகப் பொருந்துகிறது; இம்மாதிரி முன்பே சோதிக்கப்பட்டுள்ளது. கோரியவர்: ஆர். திலீபன், கணவர். அறிக்கை அவரிடம் வழங்கப்பட்ட நாள்...'

அந்தத் தேதியையும் கீர்த்தனாவுக்குக் கணக்குப் போடத் தெரிந்தது. வினோதினி இறந்த நாளுக்குப் பதினொரு நாள் முன்பு.

ஞாயிறு சாயங்காலம். மிருதுளா பாட்மிண்டன் விளையாடப் போயிருந்தாள். திலீபன் கூடத்தில் அவளுடைய யூனிஃபார்மை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். கீர்த்தனா எதிரில் வந்து நின்றாள்.

"வினோதினிக்கு நீங்க ஜாதகம் பாத்தீங்களா?"

இஸ்திரிப் பெட்டி சட்டையின் மேல் அப்படியே நின்றது. துணி கருகும் வாசனை வந்தது. கீர்த்தனாதான் எட்டி ஸ்விட்சை அணைத்தாள்.

"யார் சொன்னா?"

"நானே பாத்தேன். அனுமதி இல்லாம அவங்க மாதிரிய எடுத்தேன். தப்புதான். நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லிடுவேன். நீங்க சொல்லுங்க."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். சொல்ல ஆரம்பித்தபோது அவன் அவளைப் பார்க்கவில்லை, கருகிய சட்டையைப் பார்த்துப் பேசினான்.

"அப்பதான் அந்த டெஸ்ட் புதுசா வந்திருந்துச்சு. ஆபீஸ்ல ஒருத்தர் சொன்னார். எனக்குத் தூக்கம் போச்சு கீர்த்தி. என்னாலதான் அவளுக்கு வந்துச்சோன்னு பயந்து கேக்குறேன்னு எனக்கே சொல்லிக்கிட்டேன். பொய். எனக்கு வேற ஒண்ணு தெரிஞ்சுக்கணும். பேப்பர் கைக்கு வந்துச்சு. கல்யாணத்துக்கு ஏழு வருஷம் முன்னாடி. மூக்குல ஆக்சிஜன் குழாயோட படுத்திருக்கா. அவ முன்னாடி நீட்டி, யாருன்னு கேட்டேன்."

கீர்த்தனா அசையவில்லை.

"படிச்சுப் பாத்தா. ஒண்ணும் சொல்லல. செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அதுக்கப்புறம் பதினோரு நாள். நர்ஸ்கிட்ட பேசுனா, அவங்க அம்மாகிட்ட பேசுனா, மிருதுவக் கொஞ்சுனா. எங்கிட்ட பேசல. கடைசி நாள் மட்டும் கூப்பிட்டா. மன்னிச்சுக்கோன்னு சொல்லப் போறேன், அதுக்குள்ள அவ சொல்றா: 'மிருதுக்கு அந்த ஊசிய மட்டும் போட்டுடுங்க.' அவ்வளவுதான்."

"அப்புறம் ஏன் போடல?" அவள் குரல் கத்தலாக வந்தது. "நாலு வருஷமா அந்தப் புள்ள கேக்குது!"

"அந்த ஃபாரத்துல ஒரு கேள்வி இருக்கு, பாத்திருக்கியா? குடும்பத்துல யாருக்காவது இந்தப் புத்துநோய் இருந்ததா, யாருக்கு? அவ பேர எழுதணும். ஒவ்வொரு வருஷமும் பேனாவ எடுப்பேன். எழுதுனா அந்தப் பேப்பர மறுபடி அவ முன்னாடி நீட்டுற மாதிரி இருக்கும். கை வராது."

கீர்த்தனா சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். லீவு போட்ட நாட்கள், படித்துறை, ரசத்துக்கு நடுவில் விழுந்த இடைவெளி எல்லாவற்றையும் எட்டு வருடமாக அவள் காதல் என்று எண்ணி எரிந்துகொண்டிருந்தாள். அவனோ கேட்ட கேள்வியைத் திரும்ப எடுக்க முடியாமல் அங்கே நின்றுகொண்டிருந்திருக்கிறான். காதலும் இருந்திருக்கும். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தச் சோதனையும் கிடையாது.

"எனக்கும் வந்திருக்கு," என்றாள்.

அவன் சட்டென்று எழுந்தான். முகம் வெளுத்துவிட்டது. "எது? அதேவா? எவ்வளவு தூரம்..."

"புத்து இல்ல. ஆரம்பம்தான். கால் மணி நேர வைத்தியம்." மூச்சை இழுத்துக்கொண்டாள். சொல்லாமல் விட்டுவிடலாம், அவனுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் அந்த மெழுகுக் கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தான் என்ன ஆசைப்பட்டோம் என்பது அவளுக்கு மறக்கவில்லை. "எனக்கும் ஜாதகம் பாத்தாச்சு. வினோதினிகிட்டேருந்து வரல. உங்ககிட்டேருந்தும் வரல. 2023-ல வந்திருக்கு."

திலீபன் மனதுக்குள் வருடங்களைக் கழித்துப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது. உதடு ஒரு முறை பிரிந்தது. யார் என்ற சொல் அங்கே வந்து நிற்பதை அவள் கண்ணால் பார்த்தாள். நெற்றியோரம் ஒரு நரம்பு துடித்தது. அவனுக்கும் எரிகிறது. அவளுக்குள் எட்டு வருடமாக எரிந்ததே, அதே நெருப்பு.

உதடு மூடிக்கொண்டது.

"என்னைக்கு வைத்தியம்?" என்றான்.

"வியாழக்கிழம."

"நான் லீவு போடுறேன்."

அன்றைக்கு மிருதுளா வீட்டுக்கு வந்தபோது அவளுடைய படிவம் மேஜையில் கையெழுத்தோடு இருந்தது. குடும்பத்தில் யாருக்கு என்ற கேள்விக்கு எதிரில் 'தாய், வினோதினி' என்று எழுதியிருந்தது. மையில் ஒரு இடத்தில் பேனா அழுத்தி நின்ற குழி இருந்தது.

திங்கட்கிழமை கீர்த்தனா டாக்டர் ஷாகிதா பானுவிடம் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தாள். அவர் கத்தவில்லை, கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். காப்பறைச் சாவியை வாங்கிக்கொண்டார். ஆறு மாதம் பரிசோதனைக் கூடத்திலிருந்து விலக்கி முகாம் வேலைக்குப் போட்டார். "லால்குடிக்கே போ," என்றார். "வீடு வீடா ஏறி எறங்கி அந்தப் பொம்பளைங்களத் திரும்பக் கூட்டிட்டு வா. ஜாதகம் பாக்க மாட்டோம்னு நீ சொன்னா அவங்க நம்புறாங்களான்னு பாரு."

வியாழக்கிழமை மூன்று பேருமாக மருத்துவமனைக்கு வந்தார்கள். பள்ளியில் முகாம் முடிந்துவிட்டதால் மிருதுளாவுக்கும் அங்கேயே ஊசி. கீர்த்தனாவின் வைத்தியம் டாக்டர் சொன்ன மாதிரியே கால் மணி நேரத்தில் முடிந்தது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள். திலீபன் ஃப்ளாஸ்கிலிருந்து வெந்நீர் ஊற்றிக் கொடுத்தான். எதிர் அறையில் நர்ஸ் மிருதுளாவின் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார்.

"சித்தி, வலிக்குமா?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"எறும்பு கடிச்ச மாதிரிதான்டி."

"எந்த எறும்பு?"

நர்ஸ் சிரிக்கிற சத்தம் கேட்டது. அதற்குள் ஊசி போட்டு முடிந்திருந்தது.

கீர்த்தனா பக்கத்தில் இருந்தவனைத் திரும்பிப் பார்த்தாள். நாலு நாள் ஆகிறது. அவன் கேட்கவில்லை. சாப்பிடும்போது கேட்பான் என்று எதிர்பார்த்தாள், பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பான் என்று எதிர்பார்த்தாள். அந்தக் கேள்வி அவனை அரிப்பது தெரிந்தது. இரண்டு நாளாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனாலும் கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டான் என்று இப்போது அவளுக்குப் புரிந்தது.

எவ்வளவு பெரிய விஷயம் அது. கல்யாணமான இந்த எட்டு வருடத்தில் அவன் அவளுக்குக் கொடுத்ததிலேயே பெரியது. அவள் நெஞ்சு நிறைந்தது. நிறைந்த அதே நொடியில், இதை அவனுக்குக் கற்றுக்கொடுத்தவள் யார் என்பதும் ஞாபகம் வந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து, பதினொரு நாள் வாய் திறக்காமல், இதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில்.

கீர்த்தனா வெந்நீரை ஒரு வாய் குடித்தாள். வினோதினியின் மேல் அவளுக்குப் பொறாமையாக இருந்தது.